ஜெயில் வாசலிலிருந்து வீடு வரை: பிற்காப்பு என்றால் என்ன?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் ஏழு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தார். என்ன வழக்கு, என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கோர்ட் கொடுத்த தண்டனையை அவர் முழுக்க அனுபவித்துவிட்டுத்தான் வந்தார். அழைத்துவர அவருடைய அக்காவும் நானும் ஜெயில் வாசலுக்குப் போயிருந்தோம்.

கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே போன அன்று போட்டிருந்த பேன்ட், சட்டை, சார்ஜ் ஏறாத ஒரு பழைய போன், பர்ஸ், விடுதலைச் சான்று, அவ்வளவுதான் அதில் இருந்தது. பழைய பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பழைய அளவை ஞாபகம் வைத்து அக்கா வாங்கிவந்த புதுச் சட்டையும் தொளதொளவென்று தொங்கியது. எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போக ரோட்டைக் கடக்கவேண்டும். வண்டிகள் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு காலத்தில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டியவர், சென்னை மூலக்கடை நெரிசலில் ரிவர்ஸ் எடுத்தவர். டீக்கடையில் காசை நீட்டியபோது, "சில்லறை இல்லண்ணே, ஸ்கேன் பண்ணிடுங்க" என்றான் பையன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தோம். கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளினால் திறக்கும். அவர் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அக்காதான் முதலில் புரிந்துகொண்டு ஓடிவந்து திறந்தார். ஏழு வருஷமாக எந்தக் கதவையும் அவர் கையால் திறந்ததில்லை, யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு.

சிறையிலிருந்து வருகிறவருக்கு வெளியே கிடைக்க வேண்டிய உதவியை அரசுக் காகிதங்களில் "பிற்காப்பு" என்று எழுதுவார்கள். தங்க இடம், கையில் கொஞ்சம் காசு, அடையாளக் காகிதங்கள், வேலை, வைத்தியம், அறுந்துபோன உறவுகளை ஒட்டவைப்பது எல்லாம் அதில் அடங்கும். இதை ஒரு பக்கம் அரசு செய்யவேண்டும், இன்னொரு பக்கம் ஊர் செய்யவேண்டும். இதோடு சேர்ந்த வேறொரு வேலையும் இருக்கிறது. சட்டத்திலும் அலுவலகத்திலும் இவர்களை முடக்கிவைக்கும் விதிகளை மாற்றச் சொல்லி வாதாடுவது. ஒருவருக்கு ஆதார் எடுக்கக் கூடப் போனால் அது துணை நிற்பது. விடுதலையாகும் ஒவ்வொருவருக்கும் ஆதார் சரியாக இருக்கும்படி சிறையே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் அது குரல் கொடுப்பது. இரண்டும் வேண்டும்.

இது கருணை காட்டுகிற விஷயம் மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கிய சிறை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஒருவர் தண்டனையைத் தொடங்கும் நாளிலிருந்தே அவர் வெளியே போனபின் என்ன ஆவார் என்று யோசிக்கவேண்டும் என்கிறது 107-ஆவது விதி. அடுத்த விதி இன்னும் இறங்கிவந்து பேசுகிறது. விடுதலையாகிறவருக்குத் தேவையான ஆவணங்கள், தங்க வீடு, வேலை, அந்தப் பருவத்துக்கு ஏற்ற உடை, ஊர் போய்ச் சேரவும் முதல் சில நாட்களை ஓட்டவும் வழி, இவையெல்லாம் கிடைக்கும்படி பார்க்கவேண்டும் என்கிறது. உடை என்ற ஒரு சொல்லை அங்கே சேர்த்தவர்கள் ஏதோ ஒரு சிறை வாசலில் நின்று பார்த்திருக்கவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, வெளியே வருகிறவர்கள் யார்? பலரும் தண்டனை பெற்றவர்களையே நினைக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கு இன்னும் முடியாதவர்கள். நூறு பேரில் 75 பேருக்கும் மேல். பலர் சில மாதங்களில் ஜாமீனில் வந்துவிடுவார்கள், பலர் கடைசியில் விடுதலையே ஆவார்கள். ஆனால் அந்தச் சில மாதங்களுக்குள் வேலை போயிருக்கும், வாடகை பாக்கி ஏறியிருக்கும், வக்கீல் ஃபீஸுக்கு வீட்டில் இருந்த கடைசிக் குண்டுமணித் தங்கமும் அடகுக்குப் போயிருக்கும். பிற்காப்புத் திட்டங்கள் பெரும்பாலும் தண்டனை முடித்தவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. மிகப் பெரிய கூட்டம் அந்தக் கணக்கிலேயே வராமல் போகிறது. என் பார்வையில் இதுதான் இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய ஓட்டை.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. இரண்டு பேர் ஷூரிட்டி, அதாவது அவருக்குப் பொறுப்பேற்று, நிற்கவேண்டும் என்பார் நீதிபதி. தினக்கூலிக்காரருக்கு, அதுவும் வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்கு, சொத்து வரி ரசீதோடு கோர்ட்டுக்கு வர யார் இருக்கிறார்கள்? இதற்காகவே 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைச் சொன்னது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஷூரிட்டி கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே யோசிக்கலாம். அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே கட்டலாம் என்று 2023-ல் வரம்பு வைத்தார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவும் முக்கியமானது. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணையிலேயே கழித்துவிட்டால் அவரை ஜாமீனில் விடவேண்டும். ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

இவையெல்லாம் தாளில் இருக்கின்றன. தாளில் இருப்பதை உள்ளே இருப்பவருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மனு பார்க்க வருகிற அம்மாவுக்கும் மனைவிக்கும் இது தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் முன்னாலேயே வீடு வந்து சேர்வார்கள். (சிறையில் உள்ளவரைப் போய்ப் பார்ப்பதைத்தான் நம்மூரில் "மனு பார்ப்பது" என்பார்கள்.) சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100. காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இனி அந்த அண்ணன் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் துணை நிற்பது என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ரேஷன் கார்டில் அவர் பெயர் இல்லை. சேர்க்க ஆதார் வேண்டும். ஆதார் கார்டு தொலைந்துவிட்டது, எண் மட்டும் ஒரு பழைய ஜெராக்ஸில் இருந்தது. மறுபடி டவுன்லோடு செய்யலாம் என்றால் ஓடிபி பழைய போன் நம்பருக்குப் போகும். அந்த நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் என்றைக்கோ செத்து, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த மனிதர் போனை எடுத்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டார். சரி, ஆதார் மையத்துக்குப் போய் புது நம்பரைச் சேர்க்கலாம் என்று போனோம். சிறையில் தறி ஓட்டிய கை. விரல் ரேகை விழவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, நாலு தடவை வைத்துப் பார்த்தார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "இத்தனை வருஷம் எங்க சார் இருந்தீங்க, ஒண்ணுமே அப்டேட் பண்ணலியே?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர். சும்மா கேட்ட கேள்விதான். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவரைத் திரும்ப உள்ளே கூட்டிவர முக்கால் மணி நேரம் ஆனது. நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, சொன்னால் வந்திருக்கமாட்டார். படியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் உள்ளே போய், கண்ணை வைத்துப் பார்த்தபோது எடுத்துக்கொண்டது.

அவர் தனியாகப் போயிருந்தால் அன்றோடு ஆதார் முடிந்த கதை. ஆதார் இல்லை என்றால் ரேஷன் இல்லை, பேங்க் கணக்கு இல்லை, சிம் இல்லை, வேலை இல்லை. வெளியே வந்தவர் மறுபடி தப்பு செய்யாமல் இருக்க மன உறுதி வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். மன உறுதி எல்லாம் இருந்தது. கவுன்டர் முன்னால் கூட நிற்க ஓர் ஆள் இல்லாமல்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

வேலைக்கு வருவோம். அரசு வேலைக்கும், இன்று பல தனியார் வேலைகளுக்கும், போலீஸ் சரிபார்ப்பு உண்டு. வழக்கு இருந்ததை மறைத்தால் அதுவே வேலை போகக் காரணமாகிவிடும். அவதார் சிங் என்பவரின் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அதேசமயம் சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். உண்மையைச் சொன்னவருக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, அந்த முடிவு வேலை கொடுப்பவர் கையில் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டம் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமாகியும் சிறைக்கு அனுப்பாமல், கண்டித்தோ நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ ஒருவரை விடுவித்தால், அந்தத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு அவரைத் தொடாது என்கிறது 12-ஆவது பிரிவு. பதினெட்டு வயதுக்குள் தப்பு செய்தவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அதேபோன்ற காப்பைத் தருகிறது, கடும் குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விலக்கு. ஆனால் சிறைக்குப் போய்வந்த பெரியவர், இருபது வருஷம் ஒழுங்காக வாழ்ந்தாலும், பழைய பதிவை அழித்துக்கொள்ளப் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. குரல் கொடுக்கவேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் இந்தக் குரலைக் கொடுத்தவர்கள் உள்ளே இருந்து வந்தவர்களேதான். கலிபோர்னியாவில் 2003-ல் முன்னாள் கைதிகள் சேர்ந்து "ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். "எல்லாரும், அல்லது ஒருவரும் இல்லை" என்று பொருள். வேலை விண்ணப்பத்தில், "நீங்கள் எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், முதலில் எங்கள் வேலையைப் பாருங்கள், பழைய கதையை அப்புறம் கேளுங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை. அந்தக் கட்டம் என்ன செய்யும் என்பதற்கு மில்வாக்கி நகரில் நடந்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி. ஒரே மாதிரி தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார்கள். தண்டனைப் பதிவு இல்லாத வெள்ளையர்களில் நூற்றுக்கு 34 பேருக்குத் திரும்ப அழைப்பு வந்தது, பதிவு இருந்தவர்களில் 17 பேருக்கு. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவர்களுக்கே 14, இருந்தவர்களுக்கு வெறும் 5. இந்த எண்களை முதலில் படித்தபோது நம்மூர் ஞாபகம்தான் வந்தது.

ஏனென்றால் இங்கேயும் சிலருக்கு முத்திரை பிறக்கும்போதே விழுந்துவிடுகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வெள்ளைக்காரர் போட்டது, பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளரும் குறவரும் இன்னும் பல சமூகங்களும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டார்கள். சட்டம் போய் எழுபது வருஷத்துக்கும் மேலாகிறது. ஆனாலும் 2024 அக்டோபரில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென்று இருக்கும் பத்தியை எடுங்கள், சாதி பார்த்து வேலை பிரிக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. பேட்டையில் எங்காவது திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் தட்டும் கதவு எது என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே போய்வந்தவர் வீடும், இந்தச் சமூகங்களின் குடியிருப்புகளும்தான்.

ஓட்டு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, "ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு கிடையாது" என்று. சிறைக்குள் இருக்கும் வரைதான் ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்த அன்றிலிருந்தே அந்த உரிமை இருக்கிறது. பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்தலில் நிற்பது வேறு. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் வெளியே வந்தபின் ஆறு வருஷம் நிற்க முடியாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். இந்தியச் சிறைகளில் நூற்றுக்கு நாலு பேர்தான் பெண்கள், அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண் உள்ளே போனால் அம்மாவும் மனைவியும் பிஸ்கட் பாக்கெட்டோடு மனுவுக்கு வருவார்கள். பெண் உள்ளே போனால் வருகிறவர்கள் குறைவு. பிள்ளைகளை ஆறு வயது வரை அம்மாவோடு வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு வெளியே அனுப்பியாகவேண்டும். விடுதலையாகும்போது புகுந்த வீடும் பிறந்த வீடும் கதவைச் சாத்திவிட்டால் அவர் அன்று இரவு எங்கே படுப்பார்? தங்குமிடம் என்பது ஆணுக்குக்கூடக் கொஞ்ச நாள் சமாளிக்கக்கூடிய பிரச்சினை. பெண்ணுக்கு அந்த முதல் ராத்திரிக்கே வேண்டும்.

தமிழ்நாட்டில் யாரிடம் போகலாம்? மாவட்டங்களில் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். இங்கே அவர்கள் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர்கள். விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவ ஒரு சங்கமும் சென்னை மாகாணக் காலத்திலிருந்தே இருக்கிறது, சிறு தொழில் தொடங்க உதவி கேட்டு அதை அணுகலாம். உள்ளே இருக்கும்போதே வெளியுலகத்தோடு பழகவைக்கும் முயற்சிகளும் உண்டு. புழல், வேலூர், கோவை போன்ற இடங்களில் சிறைத்துறை, இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து பெட்ரோல் பங்க் நடத்துகிறது, வண்டிக்கு எண்ணெய் போடுகிறவர்கள் சிறைவாசிகள். புழலில் 2023-ல் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் திறந்தார்கள். அங்கே வண்டியை நிறுத்தி எண்ணெய் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லாருமே, தெரிந்தோ தெரியாமலோ, பிற்காப்பில் கொஞ்சம் செய்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் "பிரயாஸ்" 1990 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அவர்களுடைய சமூகப் பணியாளர்கள் சிறைக்குள்ளேயே போய்ப் பேச ஆரம்பித்து, வெளியே வந்தபிறகும் தொடர்பில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2004-ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டத்தையும் அங்கே உள்ள தமிழர்கள் அறிவார்கள். சிறையிலிருந்து வந்தவருக்கு ஊரின் பார்வைதான் இரண்டாவது சிறை, அதன் சாவி ஊரிடம் இருக்கிறது என்பது அவர்கள் எடுத்துச்சொல்லும் செய்தி. அங்கே அக்கம்பக்கத்துத் தொண்டர்கள், ஆள் உள்ளே இருக்கும்போதே அவருடைய குடும்பத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீடு நொறுங்காமல் நின்றால்தானே வருகிறவருக்கு வர ஓர் இடம் இருக்கும்.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். பாதிக்கப்பட்டவருக்காக யார் பேசுவது? நியாயமான கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பீடும் பாதுகாப்பும் கிடைக்கவேண்டும், அதற்கும் அதே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழி இருக்கிறது. சிறைவாசிகள் உள்ளே சம்பாதிக்கும் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 1998-லேயே பேசியிருக்கிறது. வந்தவருக்கு வேலை கொடுக்காமல் பட்டினி போடுவதால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. அவர் மறுபடி பழைய ஆட்களிடம் போய் நின்றால், அடுத்து அழப்போவது இன்னொரு குடும்பம். துணை நிற்பது என்றால் செய்ததைச் சரி என்று சொல்வது இல்லை. எங்கள் அண்ணனே அதைச் சரி என்று சொல்வதில்லை.

உங்கள் தெருவுக்கு அப்படி ஒருவர் வரப்போகிறார் என்றால், வரும் முன்னாலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. அவருடைய பழைய சிம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் ரீசார்ஜ் போட்டு வையுங்கள். ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் வீட்டில் எங்கே என்று தேடி எடுங்கள். பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உள்ளே கொடுத்த மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஒரு நாள்கூட மாத்திரை விட்டுப்போகக் கூடாது. கடைசியாக மனு பார்க்கப் போகும்போது சட்டை அளவைக் கேட்டுவிட்டு வாருங்கள். வந்தபிறகு வாரத்தில் ஒரு நாளை அவருக்காக ஒதுக்கினால் போதும், எந்த ஆபீஸுக்குப் போகவேண்டுமோ அங்கே கூடப் போங்கள். உள்ளே என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார்.

அண்ணன் பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டது. டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் மறுபடி ஓட்டிக்காட்டவேண்டும். தினமும் காலையில் ஆறு மணிக்கு, ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள், நண்பர் ஒருவரின் குட்டியானையை எடுத்துப் பழகுகிறார். முதல் இரண்டு நாள் கை நடுங்கியது, இப்போது இல்லை. வரும் புதன்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறோம்.